டிரைவர் குவிரீனோ சமைத்த மதியம்

குவிரீனோவின் வாழ்க்கையில் பாதிக்கு மேல் ஓர் அறிவிப்புப் பலகைக்குக் கீழே கழிந்தது. 'ஓட்டுநருடன் பேசக் கூடாது.' அந்தக் காலத்து ரோம் நகரப் பேருந்துகளில் ஓட்டுநர் தலைக்கு மேலே அதைத் தகரத்தில் எழுதி அடித்து வைத்திருந்தார்கள். மற்ற டிரைவர்களுக்கு அது வெறும் தகரம்தான். ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையை ஆட்டி ஆட்டி, பக்கத்தில் நிற்பவர்களிடம் ஊர்வம்பு பேசிக்கொண்டே ஆற்றுப் பாலத்தைத் தாண்டிவிடுவார்கள். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்ட ஒரே ஆள் எங்கள் குவிரீனோ. யாராவது வழி கேட்டால் மோவாயால் ஜாடை காட்டுவார். வணக்கம் சொன்னால் தலையை அரை அங்குலம் அசைப்பார். அவ்வளவுதான்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் பலகையைக் கழற்றி வைத்துவிட்டு வர அவருக்குத் தெரியவில்லை. கெட்ட மனிதர் இல்லை. குடித்துவிட்டுக் கை நீட்டியதில்லை, சம்பளத்தை ஒளித்ததில்லை. மனைவி மிரெல்லாவைத் தவிர வேறு ஒரு பெண்ணை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. ஆனால் அவளையும் எத்தனை தடவை ஏறெடுத்துப் பார்த்தார் என்று கேட்டால், அதற்கு அவரிடம் பதில் இருக்காது. பிள்ளைகளும் இல்லை. ரோமின் கர்பதெல்லா பேட்டையில், அந்தப் பழைய அரசாங்கக் குடியிருப்பில், இரண்டாம் மாடி வீட்டில், அவள் பேசுவாள், அவர் சாப்பிடுவார். அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன.

ஓய்வு பெற்ற பிறகு நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது. முன்பாவது பகலில் வெளியே போய்த் தொலைவார். இப்போது நாள் முழுக்கச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முற்றத்தில் துணிக்கொடிகளைத் தவிர என்ன இருக்கிறது? மிரெல்லா அவரைச் சுற்றித் தரை துடைத்தாள்.

போன செப்டம்பரில் மிரெல்லாவின் தங்கை ஜீனா மாடிப்படியில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். ஜீனா வீடு ஒஸ்தியாவில், கடற்கரையை ஒட்டி. மிரெல்லா ஒரு பெட்டியில் நாலு துணி எடுத்துக்கொண்டு ரயில் ஏறினாள். ஒரு மாதம்தான் என்றாள். கிறிஸ்துமஸ் வருவதற்குள் ஜீனா கைத்தடிகூட இல்லாமல் கடலோரம் நடக்க ஆரம்பித்துவிட்டாள். மிரெல்லா வரவில்லை. 'எப்போது வருகிறாய்?' என்று இவர் கேட்கவில்லை. 'வரமாட்டேன்' என்று அவள் சொல்லவும் இல்லை.

ஆனால் ஒவ்வொரு நாள் சாயங்காலமும், பாத்திரம் கழுவி முடித்த கையோடு, அவள் போன் செய்வாள். கேட்பது ஒரே கேள்விதான்.

"என்ன சாப்பிட்டே?"

"ரொட்டி. மோர்த்ததெல்லா."

"நேத்தும் மோர்த்ததெல்லாதானே?"

"நேத்து வாங்கினதுல மிச்சம்."

"கடையில விக்கிற பன்னிக்கறியவே தின்னுட்டிருந்தா வயிறு என்னத்துக்கு ஆவும், குவிரி? ஒரு சூப்பாவது வச்சுக்கக் கூடாதா?"

"பாக்கலாம்."

"என்னத்தைப் பாக்கப் போறே நீ. சரி, தூங்கு."

இவ்வளவுதான். இந்த நாலு வரிக்காக குவிரீனோ காலையிலிருந்து காத்திருந்தார். நாலு மணிக்கே ரேடியோவை அணைத்துவிடுவார், போன் மணி கேட்காமல் போய்விடுமோ என்று. போனை வைத்த பிறகு வீடு அப்படியே அமுங்கிப்போகும். அவருக்கு அவள் வேண்டியிருந்தது. எழுபது வயதில், வெட்கத்தை விட்டு, ஒரு குழந்தைக்கு வேண்டியிருப்பதுபோல் வேண்டியிருந்தது. அதைச் சொல்கிற வார்த்தைதான் அவர் வாயில் என்றைக்கும் விளைந்ததில்லை.

பிப்ரவரியில் எதிர் வீட்டு அசுந்தா ஜன்னலிலிருந்து துணி காயப்போட்டுக்கொண்டே ஒரு செய்தியைப் போட்டாள். அசுந்தா முற்றத்தின் வானொலி நிலையம். அவளுக்குத் தெரியாமல் அங்கே ஒரு பூனை குட்டி போட முடியாது.

"ஏண்டா குவிரி, உன் பொண்டாட்டி ஒஸ்தியாவுல தனியா வீடு பாக்குறாளாமே? ஜீனா வீட்டுக்கு நேர் மேல. கடல் தெரியுற பால்கனியாம். நெசமா?"

குவிரீனோ எழுந்து ஜன்னலைச் சாத்தினார்.

அன்று சாயங்காலம் மிரெல்லா கூப்பிட்டபோது, 'வீடு பார்க்கிறாயா?' என்றுதான் கேட்க நினைத்தார். வாயில் வந்தது வேறு.

"அடுத்த மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை சாப்பிட வா."

"யாரு சமைப்பா?"

"நான்."

"நீயா?" என்று அவள் சிரித்தாள். கேலிச் சிரிப்பு இல்லை, பயந்த சிரிப்பு. "சரி, வரேன். வீட்டைக் கொளுத்திடாதே."

காச்சோ எ பெப்பே செய்வதென்று குவிரீனோ முடிவு செய்தார். பாஸ்தா, பெக்கொரீனோ என்கிற செம்மறிப்பால் சீஸ், மிளகு. மூன்றே சாமான். மிரெல்லா ஞாயிறுதோறும் செய்வதும் அதுதான். "என் வீட்டுல செய்யுற மாதிரி ரோம்ல ஒரு கடையிலயும் கெடையாது. வெண்ணெய் கெடையாது, க்ரீம் கெடையாது, சுத்த ரோமாபுரிச் சமையல்" என்று டெப்போவில் சக டிரைவர்களிடம் பீற்றிக்கொள்வார். அவர் வாயைத் திறந்து பெருமை பேசிய ஒரே விஷயம் அது. அதையும் மிரெல்லாவிடம் சொன்னதில்லை. நன்றாக இருந்தால் தட்டு காலியாகும், அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதானே என்பது அவர் கணக்கு.

வாயால் சொல்ல வராததைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டால் போதும், அவள் புரிந்துகொள்வாள், பெட்டியோடு திரும்பி வந்துவிடுவாள். இதுதான் அவர் போட்ட திட்டம். பாவம், மூன்று சாமான் என்பதால் சுலபம் என்று நம்பினார்.

சந்தையில் சீஸ் கடை எத்தொரே அவரைப் பார்த்து வாயைப் பிளந்தான்.

"என்ன டிரைவரே, ரூட்டு மாறி வந்துட்டீங்களா? அக்கா எங்க?"

"பெக்கொரீனோ" என்றார் குவிரீனோ.

"எத்தனை பேருக்கு?"

"ரெண்டு."

எத்தொரே நல்ல துண்டாகப் பார்த்து வெட்டி, காகிதத்தில் சுற்றி, இரண்டு கையாலும் கொடுத்தான்.

முதல் தடவை நடந்ததைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. பாஸ்தாவைத் தளதளவென்று கொதிக்கிற சூட்டில் வாணலியில் கொட்டி, அடுப்பு எரிய எரியத் துருவிய சீஸை அதன் தலையில் போட்டார். சீஸ் கரையவில்லை. சுருண்டு திரண்டு ஒரே கட்டியாகி, கரண்டியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. பாஸ்தா ஒரு பக்கம், வெறும் தண்ணீர் ஒரு பக்கம், நடுவில் அந்த உருண்டை. முள்கரண்டியால் குத்தித் தூக்கியபோது, சரியாக அசுந்தா எதிர் ஜன்னலில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னடா அது, பஸ்ஸு டயரா?"

அன்றிலிருந்து முற்றத்துக்கு வேறு வேலை இல்லாமல் போயிற்று. குவிரீனோவின் சமையலறை ஜன்னல் திறந்தால் நாலு பக்கமும் தலைகள் நீளும். "பச்சத் தண்ணிய ஊத்துய்யா!" என்பார் மூன்றாம் மாடிக் குழாய்க்காரர். "பச்சத் தண்ணியா? உன் தலையில ஊத்திக்க! பாஸ்தா வெந்த தண்ணிதான்!" என்று அவர் மனைவியே அவரை அடக்குவாள். சீஸ் ரொம்பப் பழசு என்றது ஒரு தலை. ரொம்பப் புதுசு என்றது இன்னொன்று.

அசுந்தா மட்டும் குரலைத் தாழ்த்தி, ரகசியமாக, முற்றம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள். "ஒரே ஒரு துளி வெண்ணெய் போடுடா. கட்டி விழவே விழாது. யாருக்குடா தெரியப் போவுது?"

"வெண்ணெயா? எதுக்கெடுத்தாலும் வெண்ணெய் போட நான் என்ன வடக்கத்தி மிலானோக்காரனா, அசுந்தாக்கா?" என்று குவிரீனோ சத்தம் போட்டார். அவர் அத்தனை நீளமாகப் பேசி முற்றம் கேட்டதே இல்லை. எல்லாரும் கை தட்டினார்கள்.

வாரம் மூன்று நான்கு தடவை செய்தார். கட்டி விழுந்ததையும் தின்றார், தண்ணீராய் ஓடியதையும் தின்றார். சாயங்காலம் போனில் மட்டும் "மோர்த்ததெல்லா" என்றே சொல்லி வந்தார். திடீரென்று தட்டை அவள் முன்னால் வைத்து அசத்த வேண்டும் என்று ஆசை. அந்தப் பக்கம் அவள் பெருமூச்சு விடுவாள். அந்தப் பெருமூச்சும் அவருக்கு இனித்தது.

சூட்சுமம் கடைசியில் அவருக்குத் தானாகத்தான் பிடிபட்டது. வாணலிக்கு முன்னால் நின்று மறுபடியும் திரண்ட சீஸை முறைத்துக்கொண்டிருந்தபோது, பிரேக் ஞாபகம் வந்தது. கூட்டமான பேருந்தில் பிரேக்கைச் சடாரென்று மிதித்தால், நிற்கிறவர்கள் எல்லாம் முன்னால் வந்து ஒருவர் மேல் ஒருவர் விழுந்து குவிவார்கள். நல்ல டிரைவர் நிறுத்தத்துக்கு வெகு முன்பே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவான். வண்டி தன்னால் தளர்ந்து வரும். யாருக்கும் நின்றதே தெரியாது.

அடுத்த தடவை அடுப்பை முன்கூட்டியே அணைத்தார். மிளகை வெறும் வாணலியில் வறுத்து, பாட்டில் அடியால் நசுக்கியிருந்தார். அதில் பாஸ்தா வெந்த கொழகொழத் தண்ணீரை விட்டு, பாஸ்தாவைப் போட்டுப் புரட்டிவிட்டு, வாணலியை இறக்கி வைத்துச் சும்மா நின்றார். கொதிப்பு அடங்கட்டும் என்று விட்டுவிட்டார். சீஸைத் தனியாக வெதுவெதுப்பான தண்ணீரில் களிம்பு மாதிரி குழைத்து, அதற்கப்புறம்தான் சேர்த்தார். வாணலியைக் குலுக்கக் குலுக்க வெள்ளையாய், மினுமினுப்பாய், ஒவ்வொரு இழையையும் போர்த்திக்கொண்டு வந்தது. ஒரு கட்டி இல்லை. குவிரீனோ தனியாக நின்று அழுதார். முற்றம் பார்த்துவிடுமே என்று முதுகைத் திருப்பிக்கொண்டார்.

சொன்னபடியே மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிரெல்லா வந்தாள். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். முகத்தில் வெயில் பட்டுக் கருத்திருந்தது, அது அவளுக்கு அழகாக இருந்தது. வாசலில் குவிரீனோ அவளை உள்ளே விடாமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

"முடி வெட்டிட்டே" என்றார்.

"அட, கவனிச்சுட்டியே!" என்று அவள் அவர் கன்னத்தில் முத்தமிட்டாள். பழக்க தோஷத்தில் நேராகச் சமையலறைக்குப் போனாள். அவர் வழிமறித்தார்.

"அங்க போயி உக்காரு."

"எங்க உக்கார?"

"என் நாற்காலியில."

அவள் உட்கார்ந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த மேஜையில் அவள் உட்கார்ந்திருக்க அவர் நின்றது அதுதான் முதல் தடவை. உள்ளேயிருந்து மிளகு வறுபடும் வாசனை வந்தபோது அவள் எழப் போய் மறுபடி உட்கார்ந்தாள். குவிரீனோ அடுப்பை அணைத்தார். காத்தார். வாணலியைக் குலுக்கினார். இடுக்கியால் சுருட்டித் தட்டில் வைத்து, மேலே இன்னும் கொஞ்சம் மிளகு தூவி, அவள் முன்னால் கொண்டு வந்து வைத்தார். கல்யாணத்தன்றுகூட அவருக்கு அப்படி உடம்பு வேர்த்ததில்லை.

மிரெல்லா முள்கரண்டியால் கிளறிப் பார்த்தாள். இந்தப் பக்கம் புரட்டினாள், அந்தப் பக்கம் புரட்டினாள். கட்டியைத் தேடுகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. கிடைக்கவில்லை. ஒரு வாய் வைத்தாள். கண்ணை மூடினாள்.

"வெண்ணெய் போடலியே?" என்றாள்.

"சத்தியமா போடல."

"தெரியுது." முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "குவிரி, நான் போடுவேன்."

"என்ன போடுவே?"

"வெண்ணெய். கல்யாணமான புதுசுல ஒரு நாள் கட்டி விழுந்துடுச்சு. நீ ஒரு வார்த்த பேசல. தட்டை ஒதுக்கி வச்சுட்டு எழுந்து போயிட்டே. நான் இங்கயே உக்காந்து அழுதேன். கீழ் வீட்டுல அப்ப மிலானோக்காரி ஒருத்தி இருந்தா பாரு, அவதான் சொல்லிக் குடுத்தா. அன்னையிலேருந்து ஒரு ஞாயித்துக்கிழமைகூட நான் வெண்ணெய் இல்லாம செஞ்சதில்ல."

குவிரீனோவுக்கு டெப்போவில் பேசிய பேச்செல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தது. "இத்தனை வருஷமா?"

"இத்தனை வருஷமும். நீ ஒரு தடவ உள்ள எட்டிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். அடுப்புப் பக்கத்துலயேதான் வச்சிருப்பேன்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, வயிறு குலுங்கச் சிரித்தார். அவளும் சிரித்தாள். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அந்த வீட்டில் இருவர் சேர்ந்து சிரித்து எத்தனையோ காலமாகியிருந்தது. இதோ இப்போது சொல்லிவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. 'வீட்டுக்கு வந்துடு, மிரே.' மூன்றே சொல். வாயைத் திறந்தார்.

"இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்றார்.

"வை" என்றாள் அவள்.

இரண்டாம் தட்டையும் சாப்பிட்டு, ரொட்டித் துண்டால் ஒட்டியிருந்ததையும் வழித்துத் தின்றாள். அப்புறம் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணு சொல்லணும், குவிரி. ஒஸ்தியாவுல ஒரு வீடு பாத்து வச்சிருக்கேன். சின்னதுதான். ஜீனாவுக்கு மேல் வீடு. வீட்டுக்காரர் ரெண்டு மாசமா கேட்டுட்டே இருக்கார், நான்தான் பதில் சொல்லாம இழுத்துட்டிருந்தேன். ஏன் தெரியுமா?"

அவர் தெரியாது என்று தலையை ஆட்டினார்.

"தெனமும் போன்ல மோர்த்ததெல்லா, மோர்த்ததெல்லான்னு சொல்லுவியே, அதைக் கேட்டுட்டு எனக்குத் தூக்கம் வராது. இந்த மனுஷனை இப்படி விட்டுட்டு எப்படிப் போறதுன்னு மனசு அடிச்சுக்கும். எத்தன தடவ பெட்டியைக் கட்டுனேன் தெரியுமா, இங்க திரும்பி வந்துடலாம்னு. போன வாரம்கூட கட்டுனேன்."

குவிரீனோ மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஒரு முழு மாதம் மோர்த்ததெல்லா என்று பொய் சொன்ன வாய் அது. இப்போது மட்டும் உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும். அவர் தன் வாழ்நாளின் மொத்தப் பலத்தையும் கூட்டி அந்தப் 'பேசக் கூடாது' பலகையைத் தள்ளினார்.

"உனக்காகத்தான் கத்துக்கிட்டேன், மிரே" என்றார்.

மிரெல்லா எழுந்து வந்து அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவள் கண் நிறைந்திருந்தது.

"தெரியும். எனக்குத் தெரியாதா? நான் ஒஸ்தியாவுக்கு நிம்மதியாப் போகணும்னுதானே, இந்த வயசுல அடுப்புக்கு முன்னாடி போய் நின்னே? இதுக்கு மேல ஒருத்தன் என்ன செய்ய முடியும். நீ இவ்ளோ நல்லவன்னு இத்தன நாள் எனக்குத் தெரியாமப் போச்சே."

அது இல்லை என்று சொல்ல வேண்டும். எல்லாம் தலைகீழாகப் போகிறது என்று கத்த வேண்டும். ஆனால் அவள் அப்படி ஒரு சந்தோஷத்தோடு தன்னைப் பார்த்து அவர் கண்டதே இல்லை. அந்த முகத்தைக் கலைக்க அவருக்கு மனம் வரவில்லை. பல வருஷமாகப் பார்க்காமல் விட்ட முகம், இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும் என்று நின்றார்.

"இனிமே தெனமும் போன் பண்ணி உன் உசிரை வாங்க மாட்டேன்" என்றாள், கோட்டை மாட்டிக்கொண்டே. "எப்பவாவது பண்றேன். சரியா? நாளைக்கே வீட்டுக்காரருக்குச் சொல்லிடுறேன்."

"சரி" என்றார் குவிரீனோ.

படியில் அவள் இறங்கும் சத்தம் கேட்டது. குவிரீனோ சமையலறை ஜன்னலுக்கு வந்தார். அங்கிருந்து பார்த்தால், முற்றத்தைக் கடந்து அவள் தெருவுக்குப் போகும்வரை தெரியும். அவள் துணிக்கொடிக்கு அடியில் குனிந்து நடந்தபோது அசுந்தா மேலேயிருந்து கூவினாள்.

"என்னடி மிரெல்லா! எப்படி இருந்துச்சு அவன் சமையல்?"

மிரெல்லா முற்றத்தின் நடுவில் நின்று திரும்பினாள். வாயருகே கையைக் குவித்து, நாலு பக்கத்து ஜன்னல்களுக்கும் கேட்கும்படி கத்தினாள்.

"என்னைவிட நல்லா செய்றான், அசுந்தாக்கா! ஒரு கட்டி இல்ல!"

ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. யாரோ விசில் அடித்தார்கள். குழாய்க்காரர் ஒரு பாத்திரத்தைக் கரண்டியால் தட்டினார். "சபாஷ் குவிரீனோ! ஜெயிச்சுட்டய்யா!" என்று முற்றம் முழுக்கக் கைதட்டல் எழுந்தது. கீழே மிரெல்லாவும் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைதட்டினாள். அப்புறம் ரயிலுக்கு நேரமாயிற்று என்று ஜாடை காட்டிவிட்டு வேகமாக நடந்தாள்.

கைதட்டல் நிற்பதாக இல்லை. எல்லாரும் தன்னையே பார்த்துக்கொண்டிருந்ததால், குவிரீனோ ஜன்னலில் நின்று கையை உயர்த்திக் காட்டினார்.